ஒரே பெட்டியில் பல நூலகங்களைத் தேடினால் புத்தகம் ஏன் சிக்குவதில்லை?

நேயர் ஒருத்தர் கேட்டிருக்காங்க: "கார்ல்ஸ்ரூ விர்ச்சுவல் கேட்டலாக்ல பத்து நூலகத்துக்கு டிக் போட்டு, சிலப்பதிகாரம் தமிழ்ப் பதிப்பைத் தேடினேன். தலைப்பு, பதிப்பகம், வருஷம் எல்லாம் கொடுத்தும் ஒண்ணுமே வரலை. உண்மையிலேயே எங்கயும் இல்லையா?"

இருக்குங்க. கேட்ட விதத்துலதான் சிக்கல்.

ஜெர்மனியில 1996-லிருந்து நடக்குற சேவை இது. இதுக்குன்னு சொந்தமா புத்தகப் பட்டியல் எதுவும் கிடையாது. நீங்க தட்டுற சொல்லை, டிக் போட்ட ஒவ்வொரு நூலகத்துக்கும் ஒரே நேரத்துல அனுப்பும்; வர்ற பதிலை நூலகவாரியா அடுக்கிக் காட்டும். அவ்வளவுதான் அதோட வேலை. அதனால முதல்ல ஒவ்வொரு நூலகத்தின் பெயருக்கு எதிரே என்ன இருக்குன்னு பாருங்க. பூஜ்யம்னு இருந்தா, தேடிப் பார்த்துட்டு இல்லைன்னு சொல்லுது. பிழைச் செய்தி இருந்தா அந்த நூலகம் பதிலே சொல்லலைன்னு அர்த்தம். 2023 அக்டோபர்ல பிரிட்டிஷ் நூலகத்து மேல சைபர் தாக்குதல் நடந்தப்ப, அவங்க கேட்டலாக்கே 2024 ஜனவரி வரைக்கும் முடங்கிக் கிடந்தது. அந்த மாதிரி நேரத்துல 'இல்லை'ன்னு முடிவு கட்டிடக் கூடாது.

அடுத்தது எழுத்து. பெரும்பாலானவங்க தவறுறது இங்கதான். நாம சிலப்பதிகாரத்தை ஆங்கில எழுத்துல தட்டும்போது 'சி'க்கு எஸ் (s) போட்டு, 'தி'க்கு டிஹெச் (th) போட்டுத் தட்டுவோம். வெளிநாட்டு நூலகங்கள்ல தமிழ்த் தலைப்பை ஒலியை வச்சு எழுதமாட்டாங்க, எழுத்துக்கு எழுத்து மாத்துவாங்க. 'ச'வுக்கு எப்பவும் சி (c), 'த'வுக்கு வெறும் டி (t), 'ப'வுக்கு பி (p). அதனால cilappatikaram-னு தட்டிப் பாருங்க. நெடிலுக்கு மேல கோடு போடலைன்னாலும் பொதுவா பரவாயில்லை. தமிழ் எழுத்துலயும் ஒருதரம் தேடுங்க. ஆனா அதை மட்டும் நம்பாதீங்க, பழைய பதிவுகள் பலதுல தமிழ் எழுத்தே ஏறியிருக்காது.

மூணாவது, கட்டங்களை நிரப்புறது. பதிப்பகம், வருஷம்னு தேடுற வசதி எல்லா நூலகத்துலயும் ஒரே மாதிரி இருக்காது. ஒரு கட்டம் பொருந்தலைன்னாலும் மொத்தமும் பூஜ்யமாயிடும். தலைப்பு மட்டும் கொடுங்க. ரொம்ப அதிகமா வந்தா அப்புறம் ஆசிரியர் பெயரைச் சேருங்க. பொருள்தலைப்புக் கட்டத்தை, அதாவது புத்தகம் எதைப் பத்தினதுன்னு சொல்லித் தேடுற கட்டத்தை, இங்க தொடவே வேண்டாம். ஜெர்மன் நூலகம் ஜெர்மன்ல வச்சிருக்கும், அமெரிக்க நூலகம் ஆங்கிலத்துல வச்சிருக்கும், ஒரே சொல் ரெண்டுக்கும் ஒத்துவராது.

ஐஎஸ்பிஎன், அதாவது புத்தகத்துக்குன்னு கொடுக்குற அடையாள எண், வச்சுத் தேடுறவங்களுக்கு ஒண்ணு: 2007-க்கு முந்தின புத்தகத்துல பத்து இலக்கம்தான். பதின்மூணா மாத்தணும்னா முன்னாடி 978 சேர்த்தா மட்டும் போதாது, கடைசி இலக்கமும் மாறும். ரெண்டு வடிவத்துலயும் தேடுங்க.

புத்தகம் கிடைச்சதும் அந்த வரியைச் சொடுக்கி, நூலகத்தோட சொந்தப் பக்கத்துக்கே போயிடுங்க. அலமாரி எண், இரவலா கொடுப்பாங்களான்னு எல்லாம் அங்கதான் சரியா இருக்கும்.