துடைத்து, கழுவி, காத்து நிற்கும் வேலை: அளப்பது எப்படி, பகிர்வது எப்படி

[திரை: கண்ணாடிப் பேழை ஒன்று. அதைத் துணியால் துடைக்கும் கை.]

1973. அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்ட் நகரில் உள்ள வாட்ஸ்வொர்த் அத்தீனியம் அருங்காட்சியகம். எகிப்திய மம்மி ஒன்று வைக்கப்பட்டிருந்த கண்ணாடிப் பேழையைத் துப்புரவுப் பணியாளர் வழக்கம்போலத் துடைக்கிறார். அடுத்து, மியர்ல் லேடர்மன் யூகெலிஸ் என்ற கலைஞர் அதே பேழையைத் துடைத்து, இது ஒரு பராமரிப்புக் கலைப்படைப்பு என்று முத்திரை குத்துகிறார். முத்திரை விழுந்ததும் பேழை கலைப்பொருளாகிவிட்டது. இனி அதைத் துப்புரவுப் பணியாளர் தொடக்கூடாது. கலைப்பொருள் பாதுகாப்பு வல்லுநர் வந்து துடைக்கிறார், பொருளின் நிலை பற்றி அறிக்கையும் எழுதுகிறார்.

துடைத்தவர்கள் மூன்று பேர். தூசி ஒன்றுதான். ஆனால் முதலாவது கூலி வேலை, இரண்டாவது கலை, மூன்றாவது நிபுணத்துவம். சம்பளமும் மரியாதையும் அதற்கேற்ப மாறிவிடுகின்றன.

யூகெலிஸ் 1968இல் தாயானவர். மறு ஆண்டு அவர் எழுதிய கொள்கை அறிக்கை உலகின் உழைப்பை இரண்டாகப் பிரித்தது: புதிதாக உருவாக்குவது ஒன்று, உருவானதைக் காப்பாற்றி வைப்பது மற்றொன்று. புகழ் முழுவதும் முதலாவதற்குப் போகிறது, நேரம் முழுவதையும் இரண்டாவது தின்கிறது. புரட்சி முடிந்த பிறகு திங்கட்கிழமை காலையில் குப்பையை அள்ளப்போவது யார் என்று அந்த அறிக்கையில் கேட்டார். 1977இல் நியூயார்க் நகரத் துப்புரவுத் துறையில் சம்பளமில்லாத உறைவிடக் கலைஞராக, அதாவது துறைக்குள்ளேயே இருந்து படைக்கும் கலைஞராகச் சேர்ந்தார். 1979, 80இல் அந்தத் துறையின் 8,500 தொழிலாளர்களிடம் ஒவ்வொருவராகப் போய்க் கைகுலுக்கி, நகரத்தை உயிரோடு வைத்திருப்பதற்கு நன்றி சொன்னார்.

இந்த வீடியோ அந்த இரண்டாவது வகை உழைப்பைப் பற்றியது. பெண்ணியமும் கலையும் காலநிலை அக்கறையும் வெவ்வேறு வழிகளில் வந்து முட்டி நிற்கும் இடம் அதுதான்.

[திரை: நடுவில் ஒரு கோடு. ஒரு பக்கம் 'கணக்கில் உண்டு', மறுபக்கம் 'கணக்கில் இல்லை'.]

ஒரு செயல் வேலையா, இல்லையா என்று கண்டுபிடிக்க எளிய சோதனை ஒன்று இருக்கிறது. கனடாவில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய பொருளியலாளர் மார்கரெட் ரீட் 1934இல் முன்வைத்தது. இந்தச் செயலை எனக்குப் பதிலாக இன்னொருவர் கூலி வாங்கிக்கொண்டு செய்ய முடியுமா? முடியும் என்றால் அது வேலை. சமைப்பதை இன்னொருவர் செய்யலாம். உங்களுக்காகத் தூங்க யாராலும் முடியாது. சமையல் வேலை, தூக்கம் வேலை இல்லை. குழந்தையைக் குளிப்பாட்டுவது, முதியவருக்கு மருந்து கொடுப்பது, கழிப்பறை கழுவுவது எல்லாம் இந்தச் சோதனையில் வேலையாகவே தேறும்.

ஆனால் உலக நாடுகள் மொத்த உள்நாட்டு உற்பத்தியைக் கணக்கிடப் பயன்படுத்தும் தேசியக் கணக்கு முறை கோட்டை வேறு இடத்தில் போடுகிறது. வீட்டுக்காகவே விளைவித்த தானியம் உள்ளே வரும். சுமந்து வந்த தண்ணீரும் விதிப்படி உள்ளே வரும். அதே தானியத்தை அதே தண்ணீரில் வேகவைத்துப் பரிமாறுவது வெளியே நின்றுவிடும். வீட்டார் வீட்டாருக்குச் செய்யும் சேவை உற்பத்தியாகாது என்பது விதி.

2013இல் ஒரு மாற்றம் வந்தது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் கீழ் கூடிய தொழிலாளர் புள்ளிவிவரவியலாளர்கள் மாநாடு, பிறருக்காகவோ சொந்தப் பயன்பாட்டுக்காகவோ பொருள் செய்வதும் சேவை செய்வதும் வேலையே என்று வரையறுத்தது. சம்பள வேலை அதில் ஒரு வகை மட்டுமே. இந்தக் கண்ணோட்டத்தில் 2018இல் அதே அமைப்பு வெளியிட்ட மதிப்பீடு: உலகில் நாள்தோறும் 1,640 கோடி மணி நேரம் ஊதியமில்லாப் பராமரிப்பு வேலை நடக்கிறது. 200 கோடிப் பேர் நாளுக்கு 8 மணி நேரம் சம்பளமே இல்லாமல் உழைப்பதற்கு இது சமம். அதில் 76.2 சதவீதத்தைச் செய்பவர்கள் பெண்கள். சராசரியாகப் பெண்ணுக்கு நாளுக்கு 4 மணி 25 நிமிடம், ஆணுக்கு 1 மணி 23 நிமிடம்.

இந்த வேலை நின்றால் என்ன ஆகும் என்பதை ஐஸ்லாந்துப் பெண்கள் 1975 அக்டோபர் 24 அன்று காட்டினார்கள். ஏறக்குறைய 90 சதவீதப் பெண்கள் அலுவலக வேலையும் செய்யவில்லை, வீட்டு வேலையும் செய்யவில்லை. அடுத்த ஆண்டே அங்கே ஆண் பெண் சமத்துவச் சட்டம் வந்தது.

[திரை: கட்டம் போட்ட தாள். ஒரு நாளுக்கு 144 வரிகள்.]

இனி அளக்கும் வழி. நேர நாட்குறிப்பு என்பது இதன் பெயர். புள்ளிவிவரத் துறைகள் பயன்படுத்தும் இதே முறையை ஒரு வீட்டிலும் ஒரு சிறு நிறுவனத்திலும் செய்யலாம்.

24 மணி நேரத்தைப் பத்துப் பத்து நிமிடமாகப் பிரித்தால் 144 வரிகள். ஒவ்வொரு வரியிலும் நான்கு பத்திகள், அதாவது நெடுக்குக் கட்டங்கள். முதல் பத்தி, அப்போது முதன்மையாகச் செய்த வேலை. இரண்டாவது, அதோடு சேர்ந்து நடந்த வேலை. மூன்றாவது, கூட யார் இருந்தார்கள். நான்காவது, இந்த வேலையைச் செய்ய வேண்டும் என்று யாருக்கு முதலில் தோன்றியது. நான்காவது பத்தி அரசுக் கணக்கெடுப்புகளில் வழக்கமாக இருக்காது. அதைக் கட்டாயம் சேருங்கள். மருந்து தீரப்போகிறது, பள்ளிக்குக் கட்டணம் கட்ட நாளை கடைசி என்று தலைக்குள் ஓடும் வேலை பிடிபடும் ஒரே இடம் அது.

பத்து வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொருவரும் தன் தாளைத் தானே எழுத வேண்டும். குறைந்தது ஒரு வேலைநாள், ஒரு விடுமுறை நாள். இரவில் உட்கார்ந்து முழு நாளையும் நினைவுபடுத்தி எழுதினால் கணக்கு கெடும். ஐந்து நிமிட வேலைகள்தான் முதலில் மறந்துபோகும், பராமரிப்பு வேலையில் பெரும்பகுதி அப்படித் துண்டு துண்டாக நடப்பது. எனவே நாளுக்கு நான்கு முறை எழுதுங்கள்.

அதிகம் நடக்கும் தவறு இரண்டாவது பத்தியில். 40 நிமிடம் சமைத்தபோது குழந்தையையும் பார்த்துக்கொண்டிருந்தால், அதை 80 நிமிடம் என்று கூட்டக்கூடாது. அப்படிக் கூட்டினால் நாள் 24 மணி நேரத்தைத் தாண்டிவிடும், கணக்கை யாரும் நம்பமாட்டார்கள். சமையல் 40 என்பது முதன்மைக் கணக்கு. குழந்தையைப் பார்த்த 40 பக்கத்தில் தனிக் கணக்கு. அதை எழுதாமல் விடுவது இதைவிடப் பெரிய தவறு. தூங்கும் நோயாளியின் பக்கத்தில் இருப்பவர் வேறெங்கும் போக முடியாது. கை சும்மா இருந்தாலும் அந்த நேரம் அவருடையதல்ல.

மணி நேரத்தைப் பணமாக்க மூன்று வழிகள். ஒவ்வொரு வேலைக்கும் அந்தத் தொழிலாளியின் கூலியைப் போடலாம்: சமையலுக்குச் சமையல்காரர் கூலி, நோயாளியைக் கவனிக்கச் செவிலியர் கூலி. அல்லது எல்லாவற்றுக்கும் வீட்டுப் பணியாளர் கூலியைப் போடலாம். அல்லது அந்த நேரத்தில் வெளியே போயிருந்தால் அவர் எவ்வளவு சம்பாதித்திருப்பார் என்று பார்க்கலாம். மூன்றாவது வழியில், ஒரே தரையைப் பொறியாளர் பெருக்கினால் விலை கூடும், வேலை தேடிக்கொண்டிருப்பவர் பெருக்கினால் குறையும். இரண்டாவது வழி, ஏற்கெனவே மதிக்கப்படாமல் கிடக்கும் கூலியையே அளவுகோலாக்குகிறது. முதலாவது ஓரளவு நியாயம். வீட்டுக்குள் பேசுவதற்குப் பணம் தேவையே இல்லை, மணி நேரமே போதும்.

1972இல் இத்தாலியின் படுவா நகரில் மரியரோசா தல்லா கோஸ்தா, செல்மா ஜேம்ஸ், சில்வியா ஃபெடரிச்சி முதலியோர் வீட்டு வேலைக்குச் சம்பளம் கோரி இயக்கம் தொடங்கியபோது, சம்பளம் பெண்களை அடுப்படியிலேயே கட்டிப்போடும் என்ற எதிர்ப்பு வந்தது. சம்பளம் இருந்தால்தான் அது வேலை என்று ஒப்புக்கொள்ளப்படும், ஒப்புக்கொண்ட வேலையைத்தான் மறுக்க முடியும் என்பது ஃபெடரிச்சியின் வாதம். இந்த வாதம் இன்னும் வலுவாகவே நிற்கிறது.

தாளைக் கையில் வைத்துக்கொண்டு பகிரும்போது, வேலையைத் துண்டாக்கிக் கொடுக்காதீர்கள். கவனிப்பது, திட்டமிடுவது, செய்வது, சரிபார்ப்பது ஆகிய நான்கும் சேர்ந்ததுதான் ஒரு வேலை. சொன்னால் செய்கிறேன் என்பவர் மூன்றாவதை மட்டும் எடுத்துக்கொள்கிறார். துணி துவைப்பதை ஒருவர் ஏற்றால், சோப்பு தீர்ந்ததைக் கவனிப்பதும் அவர் பொறுப்பு. வேலை எந்த நிலையில் முடிந்ததாகக் கொள்வது என்பதையும் முன்பே பேசிவிட வேண்டும். இல்லையென்றால் இரண்டே வாரத்தில், 'நீ சரியாகச் செய்யவில்லை, நானே செய்துகொள்கிறேன்' என்று வேலை பழைய கைக்கே திரும்பிவிடும்.

[திரை: அடுப்பு, வெப்பமானி, கருநிற உருண்டை.]

காலநிலைக்கு வருவோம். உழைக்கும் உடல் தாங்கும் வெப்பத்தைக் காற்றின் வெப்பநிலை மட்டும் சொல்லாது. ஈரப்பதம் கூடினால் வியர்வை ஆவியாகாது, உடல் குளிராது. அதனால் மூன்று அளவீடுகளைச் சேர்க்கிறார்கள். துணி சுற்றிய ஈரக்குமிழ் வெப்பமானி, கதிர்வீச்சை வாங்கும் கருநிற உருண்டைக்குள் இருக்கும் வெப்பமானி, சாதாரண வெப்பமானி. வெயிலில் என்றால் ஈரக்குமிழ் அளவை 0.7ஆலும், உருண்டை அளவை 0.2ஆலும், காற்று அளவை 0.1ஆலும் பெருக்கிக் கூட்ட வேண்டும். கூரைக்குக் கீழே என்றால் ஈரக்குமிழுக்கு 0.7, உருண்டைக்கு 0.3.

ஒரு சமையலறையை எடுத்துக்கொள்வோம். ஈரக்குமிழ் 27 பாகை செல்சியஸ், அடுப்பருகே உருண்டை 42. 18.9உம் 12.6உம் சேர்ந்து 31.5. வெப்பத்துக்குப் பழகிய ஒருவர் மிதமான வேலையைத் தொடர்ந்து செய்யச் சர்வதேசத் தரவிதி (ISO) 7243 தரும் அளவு 28. பழகாதவருக்கு 26. ஆக, அந்த அடுப்படி ஓர் ஆலையாக இருந்தால், இந்தத் தரவிதிப்படி இடைவேளை விட வேண்டியிருக்கும். வீடு என்பதால் அங்கே யாரும் அளப்பதில்லை.

செய்ய வேண்டியவை ஆலைக்கும் அடுப்படிக்கும் ஒன்றே. 15 முதல் 20 நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு குவளை, அதாவது சுமார் 240 மில்லி தண்ணீர். தாகம் எடுக்கும்வரை காத்திருக்கக்கூடாது. ஆனால் மணிக்குச் சுமார் 1.4 லிட்டரைத் தாண்டவும் கூடாது, ரத்தத்தில் உப்பு அளவு ஆபத்தாக இறங்கிவிடும். வெயில் வேலைக்குப் புதிதாக வருபவருக்கு முதல் நாள் 20 சதவீத நேரம் மட்டும், பிறகு நாளுக்கு அதிகபட்சம் 20 சதவீதம் கூட்டலாம். முதல் நாளே முழு வேலையில் இறக்கிவிடுவதுதான் பல வெப்பச் சாவுகளுக்குக் காரணம். ஒரு வாரம் படுத்திருந்து திரும்புபவரும் பழக்கத்தை இழந்தவரே, அவருக்கும் படிப்படியாகத்தான் கூட்ட வேண்டும்.

இந்த நூற்றாண்டு இறுதியில் வெப்ப உயர்வு 1.5 பாகையோடு நின்றால்கூட, 2030இல் உலகின் வேலை நேரத்தில் 2.2 சதவீதம் வெப்பத்தால் இழக்கப்படும் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2019இல் கணித்தது. எட்டுக் கோடி முழுநேர வேலைகளுக்குச் சமம் இது. இந்தக் கணக்கிலும் அடுப்படி இல்லை.

தண்ணீரும் அப்படியே. அவசரகாலத்தில்கூட ஒருவருக்கு நாளுக்கு 15 லிட்டர் வேண்டும். ஐந்து பேருக்கு 75. ஒரு நடைக்கு 20 லிட்டர், அதாவது 20 கிலோ, சுமந்தால் நான்கு நடை. போய்வர அரை மணி என்றால் இரண்டு மணி நேரம். வறட்சியில் அருகிலுள்ள கிணறு வற்றி, தூரம் இரட்டித்தால் நான்கு மணி நேரம். எந்த வறட்சி இழப்பீட்டுப் படிவத்திலும் இந்தக் கூடுதல் இரண்டு மணி நேரத்தை எழுத ஒரு வரி வேண்டும். வீட்டில் தண்ணீர் வசதி இல்லாத குடும்பங்களில் பத்தில் ஏழில் சுமப்பவர்கள் பெண்களும் சிறுமிகளும்தான்.

இதனால்தான் பசுமை வாழ்க்கைக்கான அறிவுரைகளையும் நேரத்தால் அளக்கச் சொல்கிறோம். துணி அணையாடைக்கு மாறினால் குப்பை குறையும். ஆனால் பச்சிளங்குழந்தைக்கு நாளுக்கு எட்டு முதல் பத்து அணையாடை. ஊறவைப்பது, அலசுவது, காயவைப்பது, மடிப்பது யார்? பதில் எழுதாமல் மாறுவது, பூமியின் கடனை ஒரு பெண்ணின் நேரத்தில் அடைப்பது. மூடிபோட்டுச் சமைப்பது, குக்கர் பயன்படுத்துவது போல எரிபொருளையும் நேரத்தையும் சேர்த்தே மிச்சப்படுத்தும் மாற்றங்களை முதலில் எடுங்கள். வேலையைக் கூட்டும் மாற்றங்களை, யார் செய்வது என்று முடிவான பிறகு எடுங்கள்.

இதைச் சரியாகச் செய்த முன்மாதிரி கென்யாவில் இருக்கிறது. வங்காரி மாத்தாய் 1977இல் தொடங்கிய பசுமைப் பட்டை இயக்கம், நாற்று வளர்த்த பெண்களுக்குச் சிறு தொகை கொடுத்தது. நட்ட கன்றுக்கு அல்ல, பிழைத்த கன்றுக்கு. நடும் நாளில் புகைப்படம் எடுத்துவிட்டுப் போகும் திட்டங்களில் தண்ணீர் ஊற்ற ஆளில்லாமல் கன்று காய்வதையும், இந்த இயக்கம் கோடிக்கணக்கான மரங்களை வளர்த்ததையும் சேர்த்துப் பார்த்தால், காசு எந்தக் கட்டத்தில் கைமாற வேண்டும் என்பது விளங்கும்.

[திரை: கட்டடங்களுக்கு நடுவே கோதுமை வயல்.]

கலைக்கும் இந்தக் கணக்கு பொருந்தும். 1982இல் கலைஞர் ஆக்னஸ் டெனிஸ், நியூயார்க்கின் மன்ஹாட்டனில் குப்பையும் இடிபாடும் கொட்டிய நிலத்தில் இரண்டு ஏக்கர் கோதுமை விளைவித்தார். படங்களில் தெரிவது பொன்னிறக் கதிர்கள். அதற்கு முன்னால் 200 லாரி மண், கையால் தோண்டிய 285 சால்கள், நான்கு மாதக் களையெடுப்பும் நீர்ப்பாய்ச்சலும் இருந்தன.

கண்காட்சியோ, நாடகமோ, சுவரோவியமோ திட்டமிடுபவர்கள் செலவுத் தாளில் பொருட்களை முதலில் எழுதி, மிஞ்சியதை ஆட்களுக்கு வைக்கிறார்கள். மிஞ்சுவதில்லை, தன்னார்வலர்கள் வருகிறார்கள். தாளைத் தலைகீழாக்குங்கள். கலைஞரின் கட்டணம், பொருத்துபவர், காவலிருப்பவர், இரவில் துப்புரவு செய்பவர், கடைசி நாளில் கழற்றி அடுக்குபவர், இவர்கள் வேலை செய்யும்போது குழந்தையைப் பார்ப்பவர் என்று ஆட்களின் வரிகளை முதலில் நிரப்புங்கள். அதன்பின் மிஞ்சும் தொகைக்குள் பொருள் வாங்குங்கள். படைப்பு சிறிதாகும், விமானத்தில் அனுப்பும் பெட்டிகளும் குறையும்.

வெளியில் நிறுத்தும் சிற்பமோ நடும் தோட்டமோ என்றால், எத்தனை ஆண்டு நிற்க வேண்டுமோ அத்தனை ஆண்டுக்கான பராமரிப்புக் கூலியை, செய்பவரின் பெயரோடு, ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். திறப்பு விழா முடிந்த பிறகு அந்தப் பணத்தைக் கேட்டால் கிடைக்காது.