பிளேட்லெட் இரண்டு லட்சம் இருந்தும் ஏன் ரத்தம் கட்டுகிறது?

உசிலம்பட்டிப் பக்கமிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "ஐயா, அப்பாவுக்கு 71 வயது, குடலில் புற்றுநோய். பிளேட்லெட் இரண்டு லட்சம் இருக்கிறது. ஆனாலும் தொடையிலும் கையிலும் ரத்தம் கட்டிக் கறுத்துப் போகிறது. கீமோ சூடு என்கிறார்கள், அப்படியா?"

சூடெல்லாம் இல்லை தம்பி. இந்தக் கேள்வியைப் படித்ததும் எனக்குப் பழைய ஞாபகம் ஒன்று வந்துவிட்டது, அதைச் சொல்கிறேன். அதற்கு முன்னால் கண்மாய்க் கதை. வழக்கமாகப் பார்க்கிறவர்கள் சிரிப்பீர்கள், பரவாயில்லை. கரை உடைந்தால் முதலில் மணல் மூட்டையை அடுக்குகிறோம், அதுதான் பிளேட்லெட். மூட்டை இடுக்கில் தண்ணீர் கசியாமல் களிமண்ணை அப்புகிறோம், அது ரத்தத்தை உறைய வைக்கிற ஃபேக்டர்கள். கீமோவில் பெரும்பாலும் குறைவது மூட்டை. உங்கள் அப்பாவுக்கு மூட்டை இருக்கிறது, களிமண்ணைப் பார்த்தார்களா?

களிமண் பல விதத்தில் குறையும். சாப்பாடு இறங்காமல் ஆன்டிபயாட்டிக்கும் ஓடினால் வைட்டமின் கே குறையும். கல்லீரலில் நோய் பரவினால் ஃபேக்டர் உற்பத்தியே படுத்துவிடும். அப்புறம், அரிதான ஒன்று: நம் உடம்பே எட்டாம் ஃபேக்டருக்கு எதிராக ஆன்டிபாடி செய்து அதை அழித்துவிடும். ரத்தம் லேசில் உறையாத ஹீமோஃபிலியா நோய்தான், பிறவியில் வராமல் பிறகு வருகிற வகை இது. வருஷத்துக்குப் பத்து லட்சம் பேரில் ஒன்றிரண்டு பேருக்குத்தான் வரும், பெரும்பாலும் வயதானவர்களுக்கு.

மேலூர் பக்கத்து வாத்தியார் ஒருவர், ரிட்டயர் ஆனவர், இடுப்பில் ஒரு ஊசி போட்டதற்குச் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குக் கறுத்துப்போய் வந்தார். ரத்தம் உறைய எத்தனை வினாடி ஆகிறது என்று பார்க்கிற டெஸ்ட் இரண்டு உண்டு, பிடி, ஏபிடிடி என்று. பிடி நார்மல், ஏபிடிடி மட்டும் நார்மலைப்போல் இரண்டு மடங்குக்கு மேல். நீல மூடிக் குழாயில் கோடு வரை ரத்தம் நிரம்பாவிட்டாலும் ஏபிடிடி அப்படிக் காட்டும் என்பதால், ரத்தம் எடுத்ததில்தான் தப்பு என்று நினைத்து மறுபடி எடுக்கச் சொன்னேன். அதில் இரண்டு நாள் போனது, தப்பு என்னுடையது. அவர் மகள்தான் கதவோரம் நின்று சொன்னாள்: "அப்பாவுக்கு மூணு பல் பிடுங்கியிருக்கு சார், அப்பல்லாம் பஞ்சு வச்சதும் நின்னுருச்சு." அப்படியென்றால் பிறவிக் கோளாறு இல்லை. நல்ல ஆளின் பிளாஸ்மாவை, அதாவது ரத்தத்தின் நீர்ப் பகுதியை, வாத்தியாருடையதோடு பாதிக்குப் பாதி கலந்து, உடம்புச் சூட்டில் இரண்டு மணி நேரம் வைத்துப் பார்த்தோம். வெறும் பற்றாக்குறை என்றால் சரியாகியிருக்கும், ஆகவில்லை. கொட்டிய களிமண்ணையும் யாரோ கரைக்கிறார்கள்!

நீங்கள் கேட்காத ஒன்று, எனக்குப் பிடித்த கேள்வி: இந்த ஆன்டிபாடி வந்தவர்களுக்கெல்லாம் புற்றுநோய் இருக்குமா? இல்லை. ஏறக்குறைய பத்தில் ஒருவருக்குத்தான் இருக்கும், பாதிப் பேருக்குக் காரணமே தெரியாது. ஆனால் சிலருக்கு ரத்தக்கட்டு முதலில் வரும், கட்டி பிறகுதான் தெரியும். வாத்தியாருக்கு அப்படித்தான், ஸ்கேனில் மாட்டியது. ஸ்டீராய்டு கொடுத்து ஆன்டிபாடியை அடக்கிய பிறகுதான் கட்டியில் கை வைத்தோம்.

உங்கள் அப்பாவுக்கும் இதேதான் என்று நான் சொல்லவில்லை. நாளைக்கே கீமோ டாக்டரிடம் போய், பிடியும் ஏபிடிடியும் பார்த்தாயிற்றா என்று கேளுங்கள். இடையில் ரத்தம் நிற்காவிட்டாலோ, மலம் கறுத்தாலோ, திடீரென்று தலைவலி வந்தாலோ ராத்திரி என்று பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். இடுப்பு ஊசி வேண்டாம், மூட்டுவலி மாத்திரையை மருந்துக்கடையில் நீங்களாக வாங்கிக் கொடுக்க வேண்டாம். போவதற்கு முன் அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போங்கள், அப்பாவுக்கு எப்போதாவது பல் பிடுங்கியபோது ரத்தம் எப்படி நின்றது என்று.