ரயில் போன பிறகு குடிவந்தவர்கள்

[காட்சி: ராயபுரம் ரயில் நிலையம். வெள்ளைத் தூண்கள், காலை வெயில்.]

வணக்கம். நான் நிற்கிற இடம் ராயபுரம் ஸ்டேஷன். 1856 ஜூன் 28 அன்று கவர்னர் ஹாரிஸ் பிரபு இதைத் திறந்து வைத்தார். ஜூலை 1 முதல் இங்கிருந்து வாலாஜா ரோடு வரை பயணிகள் ரயில் ஓடியது. பம்பாயில் 1853-லேயே ரயில் வந்துவிட்டது, வாஸ்தவம்தான். ஆனால் அங்கே இருந்த முதல் ஸ்டேஷன் கட்டடம் இன்றைக்கு இல்லை. நம்முடையது நிற்கிறது. துணைக்கண்டத்தில் மிஞ்சி நிற்கிற ஸ்டேஷன்களில் மூத்தது இதுதான்.

2005-ல் இதைப் புதுப்பித்தார்கள். இதே கட்டடம் இங்கிலாந்தில் இருந்திருந்தால், அதன் கூரையில் கை வைக்கும் முன்பு ஒருவர் சாயங்காலம் நாற்காலி போட்டு உட்கார்ந்து வௌவால் எண்ண வேண்டியிருக்கும். விளையாட்டாகச் சொல்லவில்லை. அதற்கென்று படித்த ஆட்களே இருக்கிறார்கள்.

என் பெரியப்பா பெரம்பூர் ரயில்வே வொர்க்‌ஷாப்பில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். இதைச் சொன்னதும், "தண்டவாளம் போடுறதுக்கு வௌவாலைக் கேக்கணுமாடா?" என்றார். அந்தக் கேள்விக்கான பதில்தான் இந்த வீடியோ: மூடிப்போன ரயில் பாதையை மீட்கக் கிளம்புகிறவர்கள் விலங்குகளின் கதவையும் ஏன் தட்ட வேண்டியிருக்கிறது என்பது.

[காட்சி: வரைபடம். பிரிட்டன் முழுக்கக் கோடுகள், ஒவ்வொன்றாக அழிகின்றன.]

பிரிட்டனில் 1963-ல் ரயில்வே வாரியத் தலைவர் பீச்சிங் ஓர் அறிக்கை கொடுத்தார். நஷ்டத்தில் ஓடுகிற சுமார் 8,000 கிலோமீட்டர் பாதையையும், 2,363 ஸ்டேஷன்களையும் மூடலாம் என்றது அது. பெரும்பகுதியை மூடியும் விட்டார்கள். அதற்கு முன்பும் பின்பும் மூடிய பாதைகளில் சிலவற்றை ரயில் பித்துப் பிடித்தவர்கள் கைக்காசு போட்டு, லீவு நாளில் மண்வெட்டி பிடித்து மீட்டெடுத்தார்கள். புளூபெல் ரயில்வே அப்படி 1960-ல் மறுபடி ஓடத் தொடங்கியது. அப்புறம் அதை ஈஸ்ட் கிரின்ஸ்டெட் ஊர் வரை நீட்ட ஆசைப்பட்டார்கள். திட்ட அனுமதி 1985-ல் கிடைத்தது. ரயில் போய்ச் சேர்ந்தது 2013 மார்ச்சில்!

இடையில் என்ன நடந்தது? பணம், நிலம், அப்புறம் குப்பை. வழியில் ஒரு பள்ளத்தை ஊர்க்குப்பை கொட்டி நிரப்பியிருந்தார்கள். கொடுங்கையூர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அந்தக் குப்பையைத் தோண்டி, அதே பாதையில் ரயிலில் ஏற்றி வெளியே கொண்டுபோனார்கள்.

[காட்சி: செடி மூடிய பழைய தண்டவாள மேடு.]

திட்ட அனுமதி என்றால் நம் ஊர்ப் பேச்சில் பிளான் அப்ரூவல். மாடி எடுக்க சி.எம்.டி.ஏ. அலுவலகத்துக்கு நடந்தவர்களுக்கு அது என்னவென்று தெரியும். ஆனால் ஏற்கெனவே ரயில் ஓடின இடத்தில் ரயில் விட எதற்கு அப்ரூவல்?

இங்கேதான் விஷயம் இருக்கிறது. மூடின பாதை, சட்டத்தின் கண்ணில் பாதையே இல்லை. தண்டவாளத்தைப் பிடுங்கி, நிலத்தைத் துண்டுதுண்டாக விற்றாயிற்று. ஒரு துண்டு ஒரு விவசாயியிடம், ஒரு துண்டு நகராட்சியிடம். அங்கே மறுபடி தண்டவாளம் போடுவது புதுக் கட்டுமானம். உள்ளூர்த் திட்ட அலுவலகத்தில் மனு போடலாம். இல்லையென்றால் 1992-ல் வந்த போக்குவரத்துப் பணிகள் சட்டத்தின்கீழ் அரசிடம் ஆணை வாங்கலாம். வழியில் ஒரு சாலை குறுக்கிட்டால் அது தனித் தலைவலி. புதிதாக லெவல் கிராசிங் போட ரயில் பாதுகாப்பு அமைப்பு சுலபத்தில் ஒப்புக்கொள்ளாது.

நம் ஊரிலும் அப்படி ஒரு பாதை இருந்தது. 1837-ல் செங்குன்றத்திலிருந்து சிந்தாதிரிப்பேட்டைக்குச் சாலை போடக் கல் ஏற்றிப் போன ரயில். ஆர்தர் காட்டன் போட்டது. ராயபுரத்துக்கே அண்ணன். இன்றைக்கு அதை மீட்கலாம் என்று யாராவது கிளம்பினால் எத்தனை வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும், யோசித்துப் பாருங்கள்.

சரி, மனிதர்களிடமிருந்து நிலத்தை வாங்கிவிட்டோம் என்று வைத்துக்கொள்வோம். அடுத்த கதவு.

[காட்சி: சுரங்கப்பாதை வாய். உள்ளே இருட்டு.]

ரயில் நின்றுபோன இடம் விலங்குகளுக்கு எவ்வளவு வசதி தெரியுமா? குளிர்ச்சியும் ஈரமும் குறையாத, ஆள் வராத சுரங்கம். வௌவால் குளிர்காலம் முழுக்க உறங்க இதைவிட நல்ல இடம் வேண்டாம். உயர்ந்த மண்மேட்டில் தண்ணீர் தேங்காது, பேட்ஜர் வளை தோண்டும். முகத்தில் கறுப்பு வெள்ளைப் பட்டை போட்ட, நாய்க்குட்டி உயர விலங்கு அது. ஓரத்துப் புதரில் டார்மவுஸ். எலிக்கும் அணிலுக்கும் நடுவில் ஒன்று. பள்ளத்துக் குட்டையில் கொண்டை நியூட். உடம்பு பல்லி மாதிரி, பிழைப்பு தவளை மாதிரி. தென்னிந்தியாவில் இந்த இனமே கிடையாது, அதனால் தமிழ்ப் பெயர் தேடி நான் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை.

மேட்டையும் பள்ளத்தையும் சுரங்கத்தையும் உண்டாக்கியது ரயில். ரயில் போனதும் வீடு காலி, இவை குடிவந்துவிட்டன. வௌவாலும் டார்மவுஸும் நியூட்டும் பிரிட்டனில் சட்டப் பாதுகாப்பு உள்ளவை. பேட்ஜருக்கு 1992-ல் போட்ட தனிச் சட்டமே உண்டு. தங்கும் இடத்தைக் கலைத்தால் வழக்கு, அபராதம், சிறைகூட.

மீட்புக்காரர்களைப் படுத்துவது காலண்டர்தான். குட்டையில் நியூட் இருக்கிறதா என்று பார்க்க மார்ச் நடுவிலிருந்து ஜூன் நடு வரைதான் பருவம். இப்போது தண்ணீரை மொண்டு சோதனைக்கூடத்துக்கு அனுப்பி, அதில் கரைந்திருக்கிற மரபணுவைப் பார்த்தே சொல்லிவிடுகிறார்கள். அதற்கும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 30 வரைதான். சாயங்காலம் வௌவால் எண்ணுவது மே முதல் செப்டம்பர் வரை. உறங்குகிற வௌவாலைப் பார்க்க மறுபடி குளிர்காலம் வர வேண்டும். புதர் வெட்டுவதா? மார்ச் முதல் ஆகஸ்ட் வரை பறவைகள் கூடு கட்டுகிற காலம், தொடாதே. பேட்ஜர் வளையை மூட வழக்கமாக லைசென்ஸ் கிடைப்பது ஜூலை முதல் நவம்பர் வரைக்கும்.

ஒரு பருவத்தைத் தவறவிட்டால் ஒரு வருஷம் போச்சு. அனுமதிக் கடிதமோ, வேலையைத் தொடங்காவிட்டால் சாதாரணமாக 3 வருஷத்தில் காலாவதி. உண்டியல் குலுக்கிப் பணம் சேர்க்கிற சங்கம் இதற்குள் எப்படி ஓடும்? 2024 பிப்ரவரியிலிருந்து இங்கிலாந்தில் இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. கட்டுமானம் முடிந்தபின் அந்த இடத்தின் உயிர்வளம் முன்பு இருந்ததைவிட 10 சதவீதம் கூடியிருக்க வேண்டும், 30 வருஷம் அதைப் பராமரிக்கவும் வேண்டும்.

ரயில் வேண்டாம் என்கிற பக்கத்து வீட்டுக்காரருக்குத் திடீரென நியூட் மேல் பாசம் பொங்குவதும் உண்டு என்பது என் சந்தேகம். நம் தெருவில் ஒரு வீடு எழும்பும்போது பார்க்காததா.

[காட்சி: நீலகிரி மலை ரயில். நடுவில் பற்கள் உள்ள தண்டவாளம்.]

நம் பக்கம் கதை வேறு. 1989 ரயில்வே சட்டத்தின் 11-வது பிரிவு, வேறு எந்தச் சட்டம் என்ன சொன்னாலும், பாதை போடவும் பராமரிக்கவும் தேவையான வேலைகளை ரயில்வே செய்யலாம் என்கிறது. 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் பட்டியலிலும் ரயில் பாதை கிடையாது. காட்டு நிலம், சரணாலயம் என்று வரும்போதுதான் வனத்துறை, தேசிய வனவிலங்கு வாரியம் என்று கதவு தட்ட வேண்டும்.

நீலகிரி ரயில் 1899-ல் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ஏறியது. 2005-ல் யுனெஸ்கோ பட்டியலிலும் ஏறியது. ஒருநாளும் கைவிட்டுப்போன பாதை இல்லை, ஆனால் யானைகள் ரயிலுக்கு முன்பிருந்தே அங்கே நடக்கின்றன. ஹில்குரோவ் பக்கம் தண்டவாளத்தை ஒட்டி ஒரு தடுப்புச் சுவர் எழுந்தது. யானைக்கூட்டம் சுவரைத் தாண்ட வழியில்லாமல் தண்டவாளத்திலேயே தவிக்கிற வீடியோ 2022-ல் பரவியது. நீங்களும் பார்த்திருப்பீர்கள். அப்புறம் சுவரை இடித்தார்கள். கட்டின காசும் போச்சு, இடித்த காசும் போச்சு. இங்கிலாந்து மாதிரி நாற்காலி போட்டு நாலு சாயங்காலம் உட்கார்ந்திருந்தால் யானை எந்த வழியாக ஏறுகிறது என்று தெரிந்திருக்கும். அதுவும் யானை, வௌவால் இல்லை.

[காட்சி: பெரம்பூர். தூரத்தில் வொர்க்‌ஷாப் கூரைகள்.]

பெரம்பூருக்கு வருவோம். 1855-ல் லீட்ஸ் நகரத்தில் செய்த இ.ஐ.ஆர். 21 என்ற நீராவி எஞ்சினை, ரொம்ப காலம் காட்சிப்பொருளாக நின்றதை, 2010-ல் உயிர்ப்பித்து ஓட்டியது இந்த ஊர் லோகோ வொர்க்ஸ்தான். எஞ்சினை மீட்கிற கைகளுக்கு இங்கே பஞ்சமில்லை. கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டைப் பக்கம் யார்டு ஓரங்களில் வேலிக்காத்தானும் எருக்கும் மண்டிக் கிடக்கின்றன. அதற்குள் கீரி ஓடும், சாரை ஓடும், பழைய சுவர்ப் பொந்தில் புள்ளி ஆந்தை எட்டிப் பார்க்கும். அவற்றின் பெயர் எந்தக் கோப்பிலும் ஏறாது.

ஸ்கிரிப்டை இதுவரைக்கும் எழுதிப் பெரியப்பாவிடம் படித்துக் காட்டினேன். ஆந்தை என்றதும் காபி டம்ளரைக் கீழே வைத்தார்.

"எங்க ஷெட்ல இருந்துச்சே. மேல் கிரேன் ஓடுற கர்டர்ல, மூணு குஞ்சு. பறக்குற வரைக்கும் நாங்க அந்தக் கிரேனை எடுக்கலை."

"எத்தனை நாள் பெரியப்பா?"

"ஒரு மாசம் இருக்கும். ஃபோர்மேன் வந்து வந்து கத்துவாரு. மோட்டார் போயிடுச்சு சார்னு சொல்லிட்டோம்."