வெளிநாடு போனால் கட்டுச்சோறா, கண்டறியாத சாப்பாடா?

நடுவர் அவர்களே, ராயபுரத்து மக்களே, வணக்கம்.

கட்டுச்சோறே துணை என்ற எதிரணி மூன்று காரணம் வைத்தது: அருவருப்பு, வயிற்றுக் கோளாறு, நம் வழக்கத்துக்கு ஆகாது.

ஐஸ்லாந்தின் ஹாகார்ல் சுறாவை "அழுகிய மீன்" என்றார் எதிரணித் தலைவர். காசிமேட்டில் சுறா வாங்குகிற தாய்மார்களுக்கு அந்த வாடை தெரியாதா? சுறாவின் சதையில் யூரியா உண்டு. செத்த பிறகு அது அம்மோனியாவாக மாறும். அதனால்தான் மஞ்சள் போட்டு வேகவைத்து, தோலை உரித்து, நீரை ஒட்டப் பிழிந்து, பூண்டை அள்ளிப் போட்டுப் புட்டு செய்கிறோம். பிள்ளை பெற்றவளுக்குத் தேடிப் போய்க் கொடுக்கிறோம். ஹாகார்ல் செய்யும் கிரீன்லாந்து சுறாவில் யூரியாவோடு ட்ரைமெத்தில் அமைன் ஆக்சைடு என்ற வேதிப்பொருளும் மிகுதி. பிடித்ததும் தின்றால் நஞ்சு. ஐஸ்லாந்துக்காரர்கள் அதன் மேல் கல்லை ஏற்றி 6 முதல் 12 வாரம் நீரை வடியவிடுகிறார்கள். பிறகு சில மாதம் காற்றில் தொங்கவிடுகிறார்கள். மேலே காய்ந்த பழுப்பைச் சீவிவிட்டு, சின்னச் சின்னத் துண்டாக நறுக்கித் தருகிறார்கள். இதை அழுகல் என்பதா? நஞ்சை முறிக்கும் கைப்பக்குவம் ஐயா இது! முதல் முறை தின்பவர் ஒரே துண்டு எடுங்கள், மெல்லும்போது மூச்சை உள்ளே இழுக்காதீர்கள். வாடைதான் கடுமை, ருசி அவ்வளவு கடுமை இல்லை.

பிலிப்பைன்ஸின் பலூட்டையும் இழுத்தார்கள். கரு வளர்ந்த வாத்து முட்டை அது. அங்கே 14 முதல் 18 நாள் கரு. வியட்நாமில் இன்னும் முற்றியது, எலும்பு தட்டுப்படும். புதியவர் இளசாகக் கேட்டு வாங்க வேண்டும். அகன்ற முனையில்தான் காற்றறை இருக்கும், அங்கே தட்டி உடைத்து, சவ்வைக் கிழித்து, முதலில் சாற்றை உறிஞ்ச வேண்டும். பிறகு உப்போ காடியோ விட்டு மஞ்சள் கருவையும் குஞ்சையும் தின்னலாம். ரப்பர் போன்ற வெள்ளைப் பகுதியை ஒதுக்கிவிடலாம். ஓட்டுக்குள் முழுதாக வெந்தது, கைக்குச் சூடாக வருகிறது.

இங்கேதான் எதிரணி தடம் மாறிப் போனது. கண்ணுக்கு விகாரமாக இருப்பதெல்லாம் வயிற்றுக்கு ஆகாது என்று நினைக்கிறார்கள். வயிற்றுக்குக் கண் கிடையாது, நடுவரே! அது பார்ப்பது வெந்ததா, வேகாததா, நஞ்சு முறிந்ததா என்பதைத்தான். வடகிழக்குத் தாய்லாந்தில் பச்சை ஆற்றுமீனைக் கொத்தி எலுமிச்சை பிழிந்து ‘கொய் பிளா’ என்று தருவார்கள். பார்க்க அழகு, வாசனையும் அருமை. ஆனால் எலுமிச்சை மீனை வெளுக்க வைக்குமே தவிர, உள்ளே இருக்கும் ஈரல் புழுவைக் கொல்லாது. அந்தப் புழு பித்தக் குழாயில் தங்கி, பல ஆண்டு கழித்துப் புற்றுநோயில் கொண்டுபோய் விடுகிறது. நாம் ரத்தப் பொரியலைக் கருகருவென்று வேகவைக்கிறோம். வியட்நாமின் ‘தியெத் கான்’ பச்சை ரத்தம், பன்றியிடமிருந்து வரும் கிருமி மூளைக்காய்ச்சலே தரும். இவற்றைத் தின்னச் சொல்லி எங்கள் அணி ஒருநாளும் சொல்லாது. ஜப்பானின் ஃபுகு மீனில் ஈரலைக் கேட்கவே கேட்காதீர்கள். அதிலுள்ள நஞ்சு கொதிக்க வைத்தாலும் போகாது. 1975இல் அந்நாட்டுக் கபுகி நாடக நடிகர் பண்டோ மிட்சுகோரோ அந்த ஈரலைத் தின்றுதான் இறந்தார்.

இறால் ஒத்துக்கொள்ளாதவர் மெக்சிகோவின் வெட்டுக்கிளி வறுவலைத் தொடக் கூடாது, இரண்டிலும் ஒரே வகைப் புரதம். ஈரல் நோய் உள்ளவருக்குப் பச்சைச் சிப்பி வேண்டவே வேண்டாம். மற்றவர்களுக்கு: கண்ணெதிரே அடுப்பிலிருந்து ஆவி பறக்க இறங்குவது, உள்ளூர்க் கூட்டம் மொய்க்கும் கடை, நீங்களே உரிக்கும் பழம். ஐஸ் கட்டியும் நறுக்கி வைத்த பழமும் ஆகாது. மீறி வயிறு போனால் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, இரண்டும் தலைதட்டி அளந்து கலக்கிக் குடியுங்கள். ரத்தம் கலந்து போனாலோ காய்ச்சல் வந்தாலோ மருத்துவரிடம் ஓடுங்கள்.

கட்டுச்சோறு மட்டும் காக்குமா? புளிச்சோறு கொஞ்சம் தாங்கும். தேங்காய்ச் சோறு பைக்குள் வெதுவெதுப்பாக மணிக்கணக்கில் கிடந்தால் பேசில்லஸ் செரியஸ் கிருமி வளர்ந்து நஞ்சைக் கக்கிவிடும், திரும்பச் சூடு பண்ணினாலும் அந்த நஞ்சு போகாது.

கடைசியாக வழக்கம். மதமோ மனசாட்சியோ வேண்டாம் என்று சொல்பவரை நாங்கள் வற்புறுத்தவில்லை. கேட்டுச் சாப்பிடுங்கள், காய்கறி வதக்கலிலும் மீன் சாறு ஊற்றுகிற ஊர்கள் உண்டு. ஆனால் வழக்கமில்லை என்பதாலேயே மூக்கைப் பொத்தாதீர்கள். 1960களில் பர்மாவிலிருந்து கையில் ஒன்றுமில்லாமல் திரும்பிய தமிழர்கள் கொண்டுவந்தது அத்தோ. நூடுல்ஸைக் கோஸ், வறுத்த பூண்டு, புளித்தண்ணீரோடு கையாலேயே பிசைந்து தருகிறார்கள், பக்கத்தில் வாழைத்தண்டு சூப். இன்று பீச் ஸ்டேஷன் பக்கம் நின்று அதைத் தின்னாத வடசென்னைப் பிள்ளை உண்டா?

நம் தெருவில் மாலையானால் பீஃப் வறுவலும் குடல் போட்டியும் கொதிக்கின்றன. அதைப் பார்த்து முகம் சுளித்தவர்கள் இதே நகரத்தில் இருக்கிறார்கள். சாப்பாட்டைச் சொல்லி நம் ஆட்களையே இழிவாகப் பேசினார்கள். அந்த வலி இந்த அரங்கில் பலருக்குத் தெரியும். மணிலாவில் கூடையைத் தூக்கிக்கொண்டு ராத்திரியில் பலூட் விற்பவர் முன்னால் அதே முகச்சுளிப்போடு நாம் போய் நிற்கலாமா? எதிரணியின் அடுத்த பேச்சாளர் முதலில் இதற்குப் பதில் சொல்லட்டும். வணக்கம்.