கழுத்து நிற்காத குழந்தைக்குக் கேளிக்கைப் பூங்கா எதற்கு?

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, எங்களுக்கு முன்னால் பேசி அமர்ந்திருக்கும் எதிரணி நண்பர்களே, அரங்கில் கூடியிருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, அனைவருக்கும் என் வணக்கம்.

பிறந்து சில வாரங்களே ஆன குழந்தையைக் கூட்டம் நிறைந்த கேளிக்கைப் பூங்காவுக்குப் பெற்றோர் அழைத்துச் செல்லலாமா, கூடாதா என்பது இன்றைய தலைப்பு. கூடாது என்னும் அணியில் நின்று பேச வந்திருக்கிறேன். தென் கலிஃபோர்னியாவில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு இது வெறும் மேடைக் கேள்வி அன்று. அனஹைமில் 1955ஆம் ஆண்டு திறக்கப்பட்ட டிஸ்னிலேண்ட் நமக்குக் கார் ஓட்டிப் போகிற தூரத்தில் இருக்கிறது. பேறுகாலம் பார்க்க ஊரிலிருந்து பெற்றோர் வந்திருக்கிறார்கள். மூத்த பிள்ளை நாள்தோறும் கேட்டு நச்சரிக்கிறது. எல்லோரும் சேர்ந்து ஒருநாள் போய்வரலாம் என்று யாராவது சொல்லிவிட்டால், மூன்று வாரக் குழந்தையும் அந்த 'எல்லோரில்' ஒன்றாகிக் கிளம்பிவிடுகிறது.

எதிரணித் தலைவர் தம் கட்சியை நன்றாகவே எடுத்துவைத்தார். மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு நுழைவுச் சீட்டே வேண்டாம் என்று பூங்கா அறிவித்திருக்கிறது; பூங்காவின் நுழைவுத் தெருவான மெயின் ஸ்ட்ரீட்டின் கோடியில் பால் கொடுக்கவும் துணி மாற்றவும் தனியிடம் கட்டி வைத்திருக்கிறது; பெற்றோரில் ஒருவர் குழந்தையோடு வெளியே இருக்க மற்றவர் ஏறிவிட்டு வந்து, மறுபடி வரிசையில் நிற்காமலே இடம் மாற்றிக்கொள்ளும் வசதியும் இருக்கிறது; இவ்வளவும் செய்து வரவேற்கிறவர்களை விட்டுவிட்டு நீங்கள் ஏன் தடுக்கிறீர்கள் என்று கேட்டார். அவர் சொன்ன வசதிகள் அனைத்தும் உண்மை. ஆனால் அவை பத்து மாதக் குழந்தைக்கும் இரண்டு வயதுப் பிள்ளைக்கும் சேர்த்துச் செய்யப்பட்டவை. பத்து நாள் குழந்தைக்கு இந்த இடம் ஏற்றது என்று எந்த மருத்துவரும் அந்த வாசலில் எழுதிக் கையெழுத்திடவில்லை. உயரத்தை அளக்கும் கம்பு ஒவ்வொரு பெரிய ராட்டினத்தின் முன்னாலும் இருக்கிறது; ஸ்பேஸ் மவுண்டனில் ஏற 40 அங்குலம் வேண்டும். குழந்தையின் வயதை அளக்கும் கம்பு வாசலில் இல்லாததனால்தான் அந்தப் பொறுப்பு முழுவதும் பெற்றோர் தலையில் விழுகிறது.

நடுவர் அவர்களே, என் வாதத்தின் உயிர்நாடியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நமக்கு ஜலதோஷம் பிடித்தால் கஷாயம் வைத்துக் குடிக்கிறோம், காய்ச்சல் அடித்தால் ஒரு மாத்திரை போட்டுக்கொண்டு படுக்கிறோம். மூன்று வாரம் நிறையாத குழந்தைக்கு உடல் வெப்பம் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டுவிட்டால், குழந்தை நன்றாகப் பால் குடித்துக்கொண்டிருந்தாலும்கூட, இந்த நாட்டு மருத்துவமனையில் நடப்பது வேறு. பிஞ்சுக் கையிலோ காலிலோ நரம்பு தேடி ரத்தம் எடுப்பார்கள். குழாய் செலுத்திச் சிறுநீர் எடுப்பார்கள். பிறகு ஒரு செவிலியர் குழந்தையை ஒருக்களித்துப் படுக்கவைத்து, முழங்கால் வயிற்றைத் தொடும்படி வளைத்து அசையாமல் பிடித்துக்கொள்ள, மருத்துவர் இடுப்புக்கு நேரே முதுகெலும்புகளுக்கு இடையில் ஊசி செலுத்தித் தண்டுவட நீரைச் சொட்டுச் சொட்டாகச் சேகரிப்பார். அதன்பின் நரம்பு வழியே ஆன்டிபயாடிக் ஏற்றி, கிருமி வளர்கிறதா என்று பரிசோதனைக் கூடம் சொல்லும் வரை வார்டிலேயே வைத்திருப்பார்கள். நான்கு வாரம் வரை பெரும்பாலும் இதே கதைதான். அதற்குமேல் இரண்டு மாதம் வரை ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்துத் தீர்மானிப்பார்கள்.

இது மருத்துவர்களின் மிகையான அச்சம் என்று யாரும் எண்ண வேண்டாம். அந்த வயதில் சாதாரண வைரஸ் காய்ச்சலும், மூளைக்காய்ச்சலோ ரத்தத்தில் கிருமி கலந்த நிலையோ தொடங்கும்போது காட்டும் அறிகுறிகளும் ஒன்றுபோலவே இருக்கும். கிருமியை ஓரிடத்தில் மடக்கிப்போட அந்த உடம்பு இன்னும் கற்றுக்கொள்ளவில்லை. ஆகவே பார்த்த மாத்திரத்தில் இரண்டையும் பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது. ஆக, நமக்கு முன்னால் வரிசையில் நின்று தும்மியவரிடமிருந்து வந்தது வெறும் ஜலதோஷமாகவே இருந்தாலும், அது ஜலதோஷம்தான் என்று தெரிந்துகொள்வதற்கே அந்தக் குழந்தை முதுகில் ஊசி வாங்க வேண்டியிருக்கிறது. ஒருநாள் கேளிக்கைக்கு இந்த விலையைக் கொடுக்க எந்தத் தாய் மனம் ஒப்புவாள்?

ஜலதோஷத்தோடு நிற்காத நோய்களும் உண்டு. கக்குவான் இருமலுக்கான தடுப்பூசி இங்கே இரண்டாவது மாதத்தில்தான் தொடங்குகிறது. ஊரில் ஆறாவது வாரம். 2010ஆம் ஆண்டு இதே கலிஃபோர்னியாவில் கக்குவான் பரவியபோது 9,000 பேருக்கும் மேல் நோயுற்றார்கள். இறந்துபோன பத்துப் பேரும் கைக்குழந்தைகள். பெரியவர்களுக்கு அது வாரக்கணக்கில் நீளும் வறட்டு இருமல், அவ்வளவுதான். மாத்திரையை விழுங்கிவிட்டு வேலைக்கும் போவார்கள், பூங்காவுக்கும் வருவார்கள். பச்சிளங்குழந்தைக்கோ பல நேரங்களில் இருமலே வருவதில்லை. மூச்சு சட்டென்று நின்று நின்று வரும், உதடு நீலம் பாரிக்கும். இருமல் சத்தம் கேட்டாலாவது பெற்றோர் விழித்துக்கொள்வார்கள்.

தாய்க்குக் கர்ப்ப காலத்திலேயே கக்குவான் தடுப்பூசி போடுகிறார்களே, மூச்சுக்குழாயையும் நுரையீரலையும் தாக்கும் ஆர்.எஸ்.வி. கிருமிக்கு எதிராகக் குழந்தைக்கே போடும் ஊசி 2023 முதல் வந்துவிட்டதே என்று எதிரணித் தோழி ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. அவை இரண்டையும் போட்டுக்கொள்ளுங்கள் என்றுதான் நானும் சொல்வேன். நோய் முற்றி உயிருக்கு ஆபத்தாவதை அவை பெரிதும் குறைக்கின்றன. ஆனால் காய்ச்சலை வரவழைக்கும் கிருமிகள் அந்த இரண்டோடு முடிந்துவிடவில்லை. ஃப்ளூ தடுப்பூசி ஆறு மாதம் நிறைந்த பிறகுதான். தட்டம்மைத் தடுப்பூசி இங்கே ஓராண்டு நிறைந்த பிறகு.

தட்டம்மை என்றவுடன் 2014 டிசம்பரை நினைவூட்டாமல் இருக்க முடியவில்லை. அந்த மாதம் 17 முதல் 20 வரை அனஹைமின் இரண்டு டிஸ்னி பூங்காக்களுக்கும் வந்துபோனவர்களிடமிருந்து தொடங்கிய தட்டம்மை வேறு மாநிலங்களுக்கும், மெக்சிகோவுக்கும் கனடாவுக்கும் சென்றது. அது ஓய்ந்தது என்று கலிஃபோர்னிய அரசு அறிவித்தபோது அடுத்த ஆண்டு ஏப்ரல் பாதி கடந்திருந்தது. மாநிலத்தின் 110 நோயாளிகளைப் பற்றி அப்போது வெளிவந்த அரசு அறிக்கையின்படி, 39 பேர் அந்த நான்கு நாட்களில் பூங்காவுக்குச் சென்றவர்கள். தடுப்பூசி போடாதிருந்த 49 பேரில் 12 பேர், போட வேண்டும் என்று பெற்றோர் விரும்பினாலும் போட முடியாத வயதில் இருந்த குழந்தைகள். தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி முதல் சில மாதங்கள் ஓரளவு காக்கும் என்பதை நான் மறுக்கவில்லை. அது எவ்வளவு இருக்கிறது, எப்போது தீரும் என்பதை அளந்து பார்த்துவிட்டா நாம் கிளம்புகிறோம்? தட்டம்மை கண்டவர் ஓர் அறையை விட்டுப் போன பிறகும் இரண்டு மணி நேரம் வரை அந்தக் காற்றில் கிருமி தங்கியிருக்கும். கிருமியைக் கொண்டுவந்தவரின் முகத்தைக்கூட நாம் பார்த்திருக்க மாட்டோம்.

பூங்கா திறந்தவெளிதானே, நல்ல காற்றோட்டம்தானே என்று எதிரணியினர் ஆறுதல் சொன்னார்கள். கைக்குழந்தையோடு அங்கே போனவர்கள் எங்கே உட்காருகிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள். ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு வெயில் தடுப்புக் களிம்பு பூசுவதை மருத்துவர்கள் பரிந்துரைப்பதில்லை. தாகத்துக்குத் தண்ணீர் கொடுக்கவும் கூடாது. வியர்த்துச் சூட்டைத் தணித்துக்கொள்ளும் திறனும் அதற்குக் குறைவு. ஆகவே பத்து மணி வெயில் ஏறியதும் நிழலைத் தேடி, குளிர்சாதன வசதியுள்ள உணவகத்துக்குள்ளும் இருட்டறைச் சவாரிகளின் வரிசைக்குள்ளும் ஓடுகிறார்கள். வெயிலுக்குப் பயந்து வெளியே இருக்க முடியாத குழந்தைக்குத் திறந்தவெளியின் காற்றால் என்ன பயன்? அது இருப்பதெல்லாம் கூட்டம் அடைந்த கூரைக்கடியில்தான். தள்ளுவண்டியின் மேல் மெல்லிய துணியைப் போர்த்திவிட்டு வெயில் படாமல் காத்துவிட்டதாக நினைக்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்தத் துணியை ஒருமுறை விலக்கி உள்ளே கைவிட்டுப் பார்க்கட்டும். காற்று நின்றுபோய் வெளியைவிட உள்ளேதான் புழுங்கும்.

இவ்வளவையும் தாண்டி அந்தக் குழந்தை எதைக் காணப்போகிறது? பிறந்த குழந்தையின் பார்வை ஏறக்குறைய ஓர் அடி தூரத்துக்குள்தான் தெளிவாக நிலைக்கும். பால் குடிக்கும்போது அதன் கண்ணுக்கும் அம்மா முகத்துக்கும் இடையே உள்ள தூரம் அது. இளஞ்சிவப்புக் கோட்டையும் தெரியாது, மிக்கி மவுஸும் தெரியாது, இரவு வாணவேடிக்கையின் நிறமும் தெரியாது. ஓசை மட்டும் கேட்கும்; அதன் காதுக்குழாய் சிறியது என்பதால் அதே ஓசை அதற்குக் கூடுதலாகவே அழுத்தும். ஆக, காட்சி முழுவதும் நமக்கு. வெடிச்சத்தம் மட்டும் அதற்கு.

தாயைப் பற்றிப் பேசியபோது எதிரணித் தோழியின் குரல் தழுதழுத்தது. நாலு சுவருக்குள் அடைந்து கிடந்து, தூக்கமில்லாமல், காரணம் தெரியாமல் அழும் பிள்ளைத்தாய்க்கு வெளியுலகம் வேண்டாமா என்று கேட்டார். கட்டாயம் வேண்டும். பிள்ளை பெற்றவள் மனச்சோர்வில் தவிப்பதை, கண்ணேறு என்றும் சோம்பல் என்றும் சொல்லிக் கடந்துபோன தலைமுறையின் தவறை நாம் தொடரக் கூடாது. ஆனால் பூங்காவில் அவளுடைய நாள் எப்படிக் கழிகிறது என்று பாருங்கள். குழந்தை இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை பால் குடிக்கும். வரிசையில் பாதி நின்றிருக்கும்போது அது பசித்து வீரிடும். அவள் வெளியேறி இடம் தேடி உட்காருவாள். பால் கொடுத்து, ஏப்பம் விடவைத்து, துணி மாற்றி எழுந்து வருவதற்குள் மற்றவர்கள் அடுத்த சவாரியில் இருப்பார்கள். சிசேரியன் தையல் இழுக்கும், உதிரப்போக்கு நின்றிருக்காது, நடக்க வேண்டிய தூரமோ மைல் கணக்கு. மாலையில் எல்லோரும் சிரித்துக்கொண்டு காருக்குத் திரும்பும்போது, நான்கு முறை பாலூட்டும் அறைக்கும் மூன்று முறை கழிப்பறைக்கும் நடந்ததுதான் அவள் கண்ட டிஸ்னிலேண்டாக இருக்கும். அவளுக்கு வேண்டியது காலை வெயில் ஏறுமுன் தெருவில் ஒரு நடை, கடற்கரையில் கூட்டமில்லாத ஓர் ஓரம், குழந்தையை அம்மாவிடமோ மாமியாரிடமோ கொடுத்துவிட்டுத் தொடர்ச்சியாகச் சில மணி நேரத் தூக்கம், இத்தனைக்கும் சோர்வு விலகாவிட்டால் மருத்துவரிடம் மனம்விட்டுப் பேசுவது.

மூத்த பிள்ளையின் ஏக்கம் நியாயமானது. தம்பிப் பாப்பா வந்த பிறகு தன்னை யாரும் கவனிப்பதில்லை என்று அது நினைக்கிறது. அதனால்தான் அப்பா அதை மட்டும் தனியாக அழைத்துப் போக வேண்டும் என்கிறேன். தள்ளுவண்டியும் பால் நேரமும் குறுக்கே வராத ஒரு முழுநாள் அந்தப் பிள்ளைக்குக் கிடைக்கட்டும். திரும்பி வந்ததும் இருவரும் கைகால் கழுவி, உடை மாற்றிவிட்டுப் பாப்பாவைத் தொடட்டும்.

காஸ்ட்கோ கடையில் கூட்டமில்லையா, மாலிபு கோயிலில் கூட்டமில்லையா, மருத்துவமனையில் கூட்டமில்லையா, அங்கெல்லாம் போகிறோமே என்றும் கேட்டார்கள். பிள்ளை பெற்ற வீட்டில் முதல் ஒரு மாதம் கோயிலுக்கே போகாத வழக்கம் உடைய நாம் இந்தக் கேள்வியைக் கேட்கலாமா என்பது ஒரு புறம் இருக்கட்டும். கடைக்குப் போகிறவர் அரைமணியில் திரும்பலாம், இன்னொருவரை அனுப்பலாம். மருத்துவரிடம் போவது தவிர்க்க முடியாதது. காலை முதல் இரவு வரை, பல நாடுகளிலிருந்து விமானம் ஏறி வந்த கூட்டத்தின் நடுவே, அதுவும் டிக்கெட் வாங்கிய பணம் வீணாகக் கூடாதே என்று பாதியில் கிளம்ப மனமில்லாமல் நிற்பது இவற்றோடு எப்படிச் சேரும்? வெளியூரிலிருந்து வந்த பெற்றோர் என்றால் தங்குமிடத்துக்கும் பணம் கட்டியிருப்பார்கள். குழந்தையின் நெற்றி சுடுகிறது என்று தெரிந்தும் 'இன்னும் ஒரு மணி நேரம் பார்க்கலாம்' என்று தள்ளிப்போடத் தோன்றும். அந்த வயதுக் குழந்தைக்கு அந்த ஒரு மணி நேரம் மிகப் பெரிது.

கடைசியாக, ஊரிலிருந்து வந்த தாத்தா பாட்டியின் விசாவைக் காட்டி எதிரணித் தலைவர் பேசினார், அரங்கமும் கைதட்டியது. அவர்கள் மறுபடி எப்போது வருவார்களோ, பேரனோடு அந்தக் கோட்டையின் முன்னால் நின்று ஒரு படம் எடுத்துக்கொள்ளக் கூடாதா என்றார். கணக்குப் போட்டுப் பார்ப்போம், நடுவர் அவர்களே. பெரும்பாலானவர்களுக்கு இங்கே தங்க ஆறு மாதம் கிடைக்கிறது. பிரசவத்துக்கு ஒரு மாதம் முன்னால் வந்திறங்கினாலும், அவர்கள் ஊர் திரும்பும்போது குழந்தைக்கு ஐந்தாவது மாதம் நடக்கும். அதற்குள் இரண்டாம் மாதத் தடுப்பூசியும் நான்காம் மாதத் தடுப்பூசியும் முடிந்திருக்கும், கழுத்து நின்றிருக்கும், முகம் பார்த்துச் சிரிக்கும், காய்ச்சல் வந்தாலும் முதுகில் ஊசி போட்டே தீர வேண்டிய வயது கடந்திருக்கும். குழந்தை மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு, பள்ளி விடுமுறை இல்லாத ஒரு வாரநாள் காலையில் போய், படம் எடுத்துக்கொண்டு, வெயில் ஏறுமுன் திரும்பிவிடலாம். பெரியவர்கள் பூங்காவை முழுதாகப் பார்க்க வேண்டுமென்றால் பிரசவத்துக்கு முன்பே மாப்பிள்ளை ஒருநாள் அழைத்துப் போகட்டும். நாங்கள் கேட்பது இந்த மூன்று மாதத் தள்ளிவைப்பை மட்டுமே. அது முடியாத அளவுக்கு அவசரமான காரியம் ஒன்றை எதிரணியில் எவரும் இதுவரை காட்டவில்லை என்பதை நடுவர் அவர்கள் கருத்தில் கொள்ள வேண்டுகிறேன். நன்றி, வணக்கம்.