தட்டில் விழுந்த 43 வட்டங்கள்

வணக்கம் நண்பர்களே. உணவின் வழியாக நோய் பரப்பும் லிஸ்டீரியா என்ற பாக்டீரியாவைக் கொல்ல வைரஸைத் தெளிப்பது பற்றிய சென்ற காணொளியின் கீழே, "சாப்பிடும் பொருளின் மேல் வைரஸைத் தெளிப்பார்களா, இது என்ன அநியாயம்" என்று பலர் கோபமாக எழுதியிருந்தீர்கள். அதற்குப் பதில் சொல்லாமல் இருக்க எனக்கு மனம் வரவில்லை. ஏனெனில் அப்படிப்பட்ட ஒரு வைரஸ் செய்யும் வேலையை இந்த வாரம்தான் என் கண்ணாலேயே பார்த்தேன்.

பயிற்சிக்கூடத்தில் தீங்கற்ற ஈ.கோலை பாக்டீரியா வகை ஒன்றையும், டி4 என்னும் பேஜையும் (பாக்டீரியாவை மட்டும் தாக்கும் வைரஸ்களைப் பேஜ் என்பார்கள்), ஆறினால் உறையும் கூழான அகாரை இளக்கி அதில் கலந்து தட்டில் ஊற்ற வேண்டும். முதல் தட்டு பாழாகிவிட்டது. குழாயை வெந்நீர்த் தொட்டியிலிருந்து எடுத்துவிட்டு, தட்டின் அடியில் எண் எழுதப் போன சிறு இடைவெளியில் அகார் உறையத் தொடங்கி, திரிந்த பால் போலக் கட்டி கட்டியாக விழுந்தது. மறுமுறை எல்லா எண்களையும் முன்னதாகவே எழுதி வைத்துக்கொண்டு, எடுத்த கையோடு ஊற்றிச் சுழற்றினேன். மறுநாள் காலை அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தபோது, மங்கலாகப் படர்ந்திருந்த பாக்டீரியாப் படலத்தில் குண்டூசித் தலையளவு தெளிந்த வட்டங்கள் தெரிந்தன. இரண்டு முறை எண்ணினேன், 43 இருந்தன. ஒவ்வொரு வட்டமும் ஒரே ஒரு வைரஸில் தொடங்கியது. அது பாக்டீரியாவின் மேல் ஒட்டி, தன் மரபுப்பொருளை உள்ளே செலுத்தி, அரை மணி நேரத்துக்குள் நூற்றுக்கு மேற்பட்ட பிரதிகளாகப் பெருகி, அந்தச் செல்லை உடைத்துக்கொண்டு வெளியே வருகிறது. நம் உடலின் செல்களில் அதற்கு ஒட்டிக்கொள்ள இடமே கிடையாது.

லிஸ்டீரியா எனக்கு அறவே பிடிக்காத கிருமி. குளிரிலும் வளரும், தொழிற்சாலையின் வடிகாலிலும் இறைச்சி சீவும் இயந்திரத்தின் இடுக்கிலும் படலமாக ஒட்டிக்கொண்டு ஆண்டுக்கணக்கில் கிடக்கும். 2017-18இல் தென்னாப்பிரிக்காவில் பொலோனி என்ற பதப்படுத்திய இறைச்சியின் வழியாகப் பரவி, 1,000க்கும் மேற்பட்டோரைத் தாக்கியது. 200க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். உண்ணத் தயாரான இறைச்சியின் மேல் இந்தக் கிருமிக்கு எதிராக 6 பேஜ்கள் கொண்ட கலவையைத் தெளிக்க அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் 2006லேயே அனுமதி அளித்துவிட்டது.

முக்கியமான ஒன்றைச் சொல்லாமல் வந்துவிட்டேன். எல்லா பேஜும் இதற்கு உதவாது. சில வகைகள் பாக்டீரியாவைக் கொல்லாமல் அதன் மரபணுவுக்குள் பதுங்கிக்கொள்ளும். நச்சை உண்டாக்கும் மரபணுக்களைக்கூடச் சுமந்து செல்லும். அதனால் உடைத்துக் கொல்லும் வகையை மட்டுமே தேர்ந்தெடுக்கிறார்கள்.

ஆனால் பேஜ் இருக்கிறதே என்று தொழிற்சாலையில் இயந்திரங்களைத் தேய்த்துக் கழுவுவதை நிறுத்துவது பெரும் தவறு. பேஜ் தானாக நகராது. பாக்டீரியாவின் மேல் தற்செயலாக மோதினால்தான் உண்டு. ஆகவே ஈரப்பதம் இருக்கும்போதே ஏராளமாகத் தெளிக்க வேண்டும். கழுவப் பயன்படுத்திய குளோரின் மிச்சமிருந்தால் அதுவே பேஜை அழித்துவிடும். அடுத்த வாரம் இதே டி4ஐ எஃகுத் தகட்டில் உலரவிட்டு, எத்தனை வட்டங்கள் மிஞ்சுகின்றன என்று உங்கள் முன்னால் எண்ணிக் காட்டுகிறேன்.