ஏலியன் மனசுக்குள்ளை கதைச்சால் அது ஆரின்ரை இலக்கணம்? – சந்தேகங்களுக்கு விளக்கம்

வணக்கம். கோண்டாவிலிலை இருந்து ஒரு தங்கச்சி அனுப்பின கேள்வியை முதல் வாசிக்கிறன்: "தியானத்திலை இருக்கேக்கை அமைதியான வேற்றுக்கிரக ஆக்கள் டெலிபதியாலை தங்களோடை கதைக்கினம் எண்டு சிலர் சொல்லுகினம். எண்ணம் நேராக வாறதாலை மொழியே தேவையில்லையாம். ஆனால் எழுதிக் காட்டுற செய்தி முழுத் தமிழாக இருக்குது. அப்ப அந்த இலக்கணம் ஆரின்ரை? அவையை 'வருகினம்' எண்டு சொல்லுறதோ, 'வருகுது' எண்டு சொல்லுறதோ?"

கடைசிக் கேள்விக்குக் கடைசியிலை வாறன்.

முதல்லை ஒண்டைச் சொல்லவேணும். ஒரு மனத்திலை இருந்து இன்னொரு மனத்துக்கு, இடையிலை ஒண்டும் இல்லாமல் செய்தி போகுது எண்டதுக்கு, வேறை வேறை ஆக்கள் திருப்பிச் செய்து பார்த்து ஒரேமாதிரி முடிவு வந்த சோதனை இல்லை. வேற்றுக்கிரக உயிரையும் இன்னும் ஆரும் கண்டுபிடிக்கேல்லை. ஆனால் செய்தி எண்டு எழுதின கடுதாசி இருக்குதுதானே, அதைச் சோதிக்கலாம். அதுக்கு இலக்கணத்தைவிட நல்ல கருவி இல்லை.

தொல்காப்பியர், எழுத்தொலிகள் பிறக்கிற விதத்தைச் சொல்லுற பிறப்பியலின்ரை முடிவிலை ஒரு எல்லை போடுறார். உள்ளுக்கை எழும்புற காற்றின்ரை இசையை அளக்கிறது மறைநூலின்ரை வேலை. 'நான் அதை இங்கை சொல்லேல்லை, வெளியிலை வந்து ஒலிக்கிறதைத்தான் சொன்னன்' எண்டுறார். 'அஃதிவண் நுவலாது எழுந்துபுறத் திசைக்கும் மெய்தெரி வளியிசை அளபுநுவன் றிசினே.' நாங்களும் அந்த எல்லையிலை நிப்பம். தியானத்திலை இருந்தவருக்கு உள்ளுக்கை என்ன நடந்தது எண்டு தீர்ப்புச் சொல்லத் தேவையில்லை. வெளியிலை வந்த வசனத்தைப் பாப்பம்.

இதை முறையாகச் செய்து காட்டினவர் ஜெனிவாப் பல்கலைக்கழக உளவியல் பேராசிரியர் தியோடோர் ஃபுளூர்னுவா. 1890களிலை எலென் ஸ்மித் எண்ட புனைபெயரிலை அறியப்பட்ட ஒரு பெண், மயக்கநிலையிலை செவ்வாய்க்கிரக மொழி எண்டு ஒண்டைப் பேசினா. தனி எழுத்தும் எழுதினா, மொழிபெயர்ப்பும் தந்தா. சொற்கள் கேக்கப் புதுசு. ஃபுளூர்னுவா சொல்லை விட்டிட்டு வசனத்தின்ரை கட்டைப் பார்த்தார். சொல்லொழுங்கு அப்பிடியே பிரெஞ்சு. அதுவும் போதாதெண்டு இன்னும் இரண்டு அடையாளம் கிடைச்சுது. பிரெஞ்சிலை 'அ' எண்டு ஒலிக்கிற வேற்றுமைச்சொல் ஒண்டு இருக்குது, அதே ஒலியிலை 'உடையவர்' எண்ட கருத்துத் தாற வினையும் இருக்குது. ஒலி ஒண்டு எண்டதைத் தவிர இரண்டுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. செவ்வாய் மொழியிலை இரண்டுக்கும் 'ஏ' எண்ட ஒரே சொல் வந்தது. மற்றது, 'அவர் எப்ப திரும்பி வருவார்?' எண்டு பிரெஞ்சிலை கேக்கேக்கை வினைக்கும் பெயருக்கும் நடுவிலை உயிரும் உயிரும் மோதாமல் ஒரு 'த்' போடுவினம். எங்கட உடம்படுமெய் மாதிரி. செவ்வாய் வசனம் 'கேவி பேரிமிர் ம் ஹெட்'. 'த்' இருந்த அதே இடத்திலை ஒரு 'ம்'. ஆனால் 'பேரிமிர்' 'ர்' எண்ட மெய்யிலை முடியுது, மோதுறதுக்கு அங்கை உயிரே இல்லை! பிரெஞ்சிலை தேவைப்பட்டதாலை மட்டும் வந்த மெய் அது. 1901இலை விக்டர் ஹென்றி எண்ட மொழியியலாளர் சொற்களையும் பிரிச்சுப் பார்த்து, கனக்கச் சொல் அவவுக்குத் தெரிஞ்ச மொழியளிலை இருந்து திரிஞ்சு வந்தவை எண்டு எழுதினார்.

இதிலை கவனிக்கவேண்டிய ஆபத்து ஒண்டு இருக்குது. ஃபுளூர்னுவா தன்ரை ஐயத்தை அவவுக்குச் சொன்னார். அதுக்குப் பிறகு பிரெஞ்சுக்குத் தூரமான இன்னொரு மொழி அவவின்ரை வாயிலை வந்தது. அவ ஏமாத்தினா எண்டு நான் சொல்ல வரேல்லை. மனம் தனக்குத் தெரியாமலே திருத்திக்கொள்ளும். அதாலை செய்தி சொல்லுறவரிட்டை, சோதனை முடியும்வரை, எதைத் தேடுறம் எண்டு சொல்லக்கூடாது.

சரி, தமிழிலை வந்த செய்தியை எப்பிடிப் பாக்கிறது? செய்தி வந்த உடனை, வாய்க்கு வந்தபடி எழுதச் சொல்லுங்கோ. இல்லாட்டி ஃபோனிலை குரலாகப் பதியுங்கோ. அடுத்தநாள் எழுதினால் எல்லாம் செந்தமிழாகிப் போகும், தடயமும் போயிடும். பிழை திருத்தவே கூடாது. அதே ஆளின்ரை சாதாரண எழுத்து, ஒரு கடிதமோ வாட்ஸ்அப் செய்தியோ, இரண்டு பக்கமளவுக்குப் பக்கத்திலை வைச்சுக்கொள்ளுங்கோ. ஒப்பிட ஒண்டும் இல்லாமல் பாத்தால் எதையும் நிறுவேலாது.

பிறகு சுட்டைப் பாருங்கோ. யாழ்ப்பாணத்தாருக்கு இதிலை பெரிய வசதி. இ, அ எண்டதோடை உகரச் சுட்டும் எங்கட பேச்சிலை இன்னும் உயிரோடை இருக்குது. சொல்லுறவருக்குக் கிட்ட 'இங்கை', கேக்கிறவர் பக்கம் 'உங்கை', இரண்டு பேருக்கும் தூரம் 'அங்கை'. வேறை உலகத்திலை இருந்து ஒருத்தர் யாழ்ப்பாணத் தமிழிலை கதைக்கிறார் எண்டால், பூமி அவருக்கு 'உங்கை'. 'உங்கை சண்டை பிடியாதேங்கோ' எண்டுதான் வரவேணும். செய்தியிலை 'இங்கை பூமியிலை' எண்டு வந்தால் வசனம் கட்டினவர் பூமியிலை நிண்டு கட்டியிருக்கிறார். ஆனால் இப்ப இளம் பிள்ளையள் கனபேர் உகரச் சுட்டுப் பாவிக்கிறேல்லை. அவையின்ரை சாதாரண எழுத்திலையும் அது இல்லாட்டி இந்த அடையாளம் செல்லாது. 'உங்கை' வந்தாலும் அது ஏலியனுக்குச் சாட்சியில்லை, நல்ல கற்பனைக்கும் அப்பிடி வரும்.

அடுத்தது நாம், நாங்கள். எழுத்துத் தமிழிலை 'நாம்' கேக்கிறவரையும் சேர்க்கும், 'நாங்கள்' சேர்க்காது. யாழ்ப்பாணப் பேச்சிலை பெரும்பாலும் இரண்டுக்கும் 'நாங்கள்'தான். 'நாம் தூரத்து நட்சத்திரத்திலிருந்து வந்துள்ளோம்' எண்டு ஒரு செய்தி வந்தால், அது பத்திரிகைத் தமிழும் மேடைத் தமிழும் கலந்த நடை. நீ, நீங்கள் எண்ட மரியாதையும் அப்பிடித்தான். வெறும் எண்ணத்திலை மரியாதை விகுதி இல்லை. தமிழிலை ஒரு கட்டளைச் சொல்லைச் சொன்னாலே 'வா'வோ 'வாங்கோ'வோ ஒண்டைத் தெரிவுசெய்யவேணும். அந்தத் தெரிவைச் செய்தது கேட்டவரின்ரை மனம். தங்கச்சி, உங்கட முதல் கேள்விக்கு மறுமொழி இதுதான்: இலக்கணம் எழுதினவரின்ரை இலக்கணம்.

எண்ணம் உண்மையாகவே கடக்குதோ எண்டு பாக்கவேணும் எண்டால் வசனத்தை விட்டிட்டு, பிழை சரி எண்ணக்கூடிய ஒண்டை எடுங்கோ. 1930களிலை அமெரிக்காவின்ரை டியூக் பல்கலைக்கழகத்திலை பாவிச்ச ஸீனர் அட்டைகளை வீட்டிலையே வெட்டலாம். வட்டம், கூட்டல்குறி, அலைக்கோடு, சதுரம், நட்சத்திரம். ஒவ்வொண்டிலும் 5, மொத்தம் 25. ஒருத்தர் அட்டையைப் பாத்து மனத்தாலை அனுப்ப, மற்றவர் அது என்ன குறி எண்டு சொல்லவேணும். ஊகத்திலேயே சராசரி 5 சரிவரும். 8 வந்தால் துள்ளாதேங்கோ, பத்துப் பேர் செய்தால் ஒருத்தருக்குத் தற்செயலாகவே அவ்வளவு வரும். பிழைக்கிற இடங்கள் தெரிஞ்சவை: மெல்லிய மட்டையிலை கோடு பின்பக்கம் தெரியும், கண்ணாடி யன்னலிலை அட்டை தெறிக்கும், அனுப்புறவரின்ரை முகமும் மூச்சும் காட்டிக்குடுக்கும், ஒவ்வொரு அட்டைக்கும் சரி பிழை சொன்னால் மிச்சத்தைக் கணக்குப் பண்ணலாம். இரண்டு பேரும் இரண்டு அறையிலை இருக்கவேணும். எத்தினைதரம் செய்யிறது எண்டு முதலே எழுதி வையுங்கோ. நல்லாய் வந்த இடத்திலை நிப்பாட்டினால் அது சோதனையில்லை.

மனத்துக்கு மனம் எண்டதுக்குக் கிட்ட வந்த உண்மையான வேலை 2014இலை வெளியானது. திருவனந்தபுரத்திலை இருந்தவரின்ரை மூளை அலையைக் கருவி வாசிச்சு, இணையத்தாலை பிரான்ஸ் ஸ்ட்ராஸ்பூர்க்குக்கு அனுப்பி, அங்கை இருந்தவரின்ரை மூளையைக் காந்தத்தாலை தூண்டிச்சினம். அவருக்கு ஒளிப்பொட்டு தெரிஞ்சால் 1, தெரியாட்டி 0. போன சொற்கள் 'ஓலா', 'சாவ்' எண்ட ஸ்பானிய, இத்தாலிய வணக்கச் சொற்கள், அவ்வளவுதான். எழுத்துக்கு 5 குறி எண்ட ஒப்பந்தம் இல்லாமல் அந்தப் பொட்டுகளுக்கு ஒரு கருத்தும் இல்லை. மூளையாலை அனுப்பினாலும் விதி முதல் வேணும்.

வானுக்குச் செய்தி அனுப்பினவைக்கும் இதே பிரச்சினைதான். 1974இலை புவேர்ட்டோ ரிக்கோவின்ரை அரெசிபோ ரேடியோத் தொலைநோக்கியிலை இருந்து போன செய்தி, 0, 1 எண்ட 1679 குறி. 23ஐயும் 73ஐயும் பெருக்கினால் மட்டும் வாற எண் அது. 23 நிரலாக, 73 வரியாக அடுக்கினால் படம், மாத்தி அடுக்கினால் குப்பை. 1960இலை ஒல்லாந்துக் கணிதர் ஹான்ஸ் ஃப்ராய்டென்தால் லின்கோஸ் எண்டொரு மொழியையே கட்டினார். துடிப்பை எண்ண வைச்சு, பெரிசு சிறிசு, சமன், பிறகு இரண்டு பேரின்ரை கேள்வி மறுமொழி. சரியான மறுமொழிக்கு 'நன்று' எண்ட குறி, பிழைக்கு 'தீது' எண்ட குறி. அமைதியானவர் எண்டு காட்டிறதுக்கே அவ்வளவு இலக்கணம் முதல் வேணும்.

ஒண்டு மட்டும்: மனசுக்குள்ளை கேக்கிற குரல் ஏசினால், கட்டளை போட்டால், நித்திரையைக் கெடுத்தால், இந்தச் சோதனையள் வேண்டாம். வீட்டிலை நம்பிக்கையான ஒருத்தருக்குச் சொல்லி மனநல வைத்தியரிட்டைப் போங்கோ.

இனிக் கடைசிக் கேள்வி. நன்னூல் 'மக்கள் தேவர் நரகர் உயர்திணை' எண்டு முடிக்குது, மற்ற எல்லாம் அஃறிணை. அதை மட்டும் பாத்தால் ஏலியன் 'வருகுது'. ஆனால் தொல்காப்பியம் மரபியலிலை 'மக்கள் தாமே ஆறறி வுயிரே' எண்டு சொல்லி, உடனை 'பிறவும் உளவே அக்கிளைப் பிறப்பே' எண்டு வாசலைத் திறந்து விட்டிருக்குது. மரபியல் இருக்கிற பொருளதிகாரத்தை 1885இலை பதிப்பிச்சவர் எங்கட சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை. அந்த அடி மனிசரின்ரை வகையிலை வேறை பிறப்புகளும் உண்டு எண்டுது. மனத்தாலை அறியிற ஆறாவது அறிவு அவைக்கு இருக்குது எண்டு தெரிஞ்சால் 'வருகினம்' எண்டு எழுதலாம்.